தாடை எலும்பும் கருமணலும்



நம் பாட்டிமார்களின் முகத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். கன்னம் ஒட்டி, உதடு உள்ளே மடிந்து, மோவாய் மூக்கை நோக்கி எழும்பி நிற்கும். கேட்டால், "வயசாச்சுப்பா, வேறென்ன?" என்பார்கள். நாமும் அதை அப்படியே நம்பி வந்தோம். ஆனால் எழுபது வயதிலும் பல் உறுதியாக உள்ளவர்களின் முகம் அவ்வாறு குழிவதில்லை. முகம் குழிவது முதுமையால் மட்டுமன்று, பல் போன இடத்தில் தாடை எலும்பு கரைந்துவிடுவதாலும்தான். "பல் போனால் சொல் போச்சு" என்றார்கள் முன்னோர். பல் போனால் எலும்பும் போகும் என்பதை மருத்துவர்கள் அளந்தே சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் போன எலும்பை மீண்டும் வளர்க்கவும், வளர்த்த எலும்பில் பல்லை ஊன்றவும் மனிதன் எவ்வாறு கற்றான் என்ற வரலாற்றையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டோம். இவ்வரலாறு ஓரிடத்தில் நம் கோப்பெங் மண்ணுக்கு மிக அருகில் வந்து போகிறது. அதனை உரிய இடத்தில் சொல்வோம்.

எலும்பு என்றதும் கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. எலும்புக்குள் இரத்தம் ஓடுகிறது. பழைய எலும்பை அரித்துத் தின்னும் உயிரணுக்களும், புது எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் அதனுள் இரவு பகலாக வேலை செய்கின்றன. 1892ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதே அது. சுமை உள்ள இடத்தில் தடிக்கும், சுமை நீங்கிய இடத்தில் மெலியும். தாடையில் பல்லைப் பிடித்து நிற்கும் விளிம்பு எலும்புக்குப் பல்லே வேலை கொடுக்கும் முதலாளி. பல் போனால் அவ்வெலும்புக்கு வேலையில்லை. குடும்பம் வெளியேறிய லயத்து வீடு நாலு மழையில் சரிவதைப் போல அதுவும் சரிந்துவிடும்.

எவ்வளவு விரைவாக என்று கேட்கிறீர்களா? ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால், அவ்விடத்து எலும்பின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி ஒரே ஆண்டில் போய்விடுகிறது என்றும், அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே போகிறது என்றும் 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதற்கும் முன்பே, 1972இல், ஆந்தியே தால்கிரேன் என்ற அம்மையார் பல் முழுவதும் இழந்து பொய்ப்பல் கட்டியவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதினார். எலும்புக் கரைவு நிற்கவே இல்லை. மேல்தாடையைக் காட்டிலும் கீழ்த்தாடை ஏறத்தாழ நான்கு மடங்கு கூடுதலாகக் கரைந்தது. "கட்டும்போது சரியாக இருந்த பல்செட்டு இப்போது ஆடுகிறதே" என்று நம் பெரியவர்கள் குறைப்படுவதற்குக் காரணம் இதுதான். பல்செட்டு தேய்ந்து போவதில்லை. அது உட்கார்ந்திருந்த மேடுதான் தேய்ந்து போகிறது.

தோட்டங்களில் ஒரு காலத்தில் பல்வலிக்கு வழி ஒன்றே. கிராம்பு வைத்துப் பார்ப்பது, உப்புநீர் கொப்பளித்துப் பார்ப்பது, அப்படியும் அடங்காவிட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் போய்ப் பிடுங்கிக்கொள்வது. பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையில், வலிக்கிற பல்லை எறிந்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போவதே கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. அந்த டிரசர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அவர்கள் கையில் இருந்தது குறடு ஒன்றுதான். இப்பகுதிக்கெல்லாம் முதல் பல் மருத்துவக் கல்வி சிங்கப்பூரில் 1929இல்தான் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கும் தாதியருக்கான பயிற்சி பினாங்கில் 1949இல் ஏற்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலம் அமைந்தது 1972இல். அதற்குள் ஒரு தலைமுறையின் தாடைகள் குழிந்துவிட்டன.

இனிப் பழங்கதைக்கு வருவோம். பல் போன இடத்தில் வேறொன்றை ஊன்றலாமா என்ற ஆசை மனிதனுக்குப் பன்னெடுங்காலமாக உண்டு. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டில் 1931ஆம் ஆண்டு அகழ்ந்தெடுத்த ஒரு கீழ்த்தாடையில், முன்பற்கள் மூன்றின் இடத்தில் பல் வடிவில் செதுக்கிய சிப்பித் துண்டுகள் இருந்தன. அது கி.பி. 600 வாக்கில் வாழ்ந்த மாயா இனத்தார் ஒருவருடைய தாடை. இறந்த பிறகு அழகுக்காகப் பொருத்தியிருப்பார்கள் என்றே அறிஞர்கள் முதலில் எண்ணினார்கள். 1970இல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது. அதாவது, அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே அவை ஊன்றப்பட்டு, எலும்பும் அவற்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், எக்ஸ்ரேயும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. நாம் வியப்பதைத் தவிர வேறென்ன செய்ய?

ஆனால் எல்லா முயற்சியும் வியப்புக்குரியதாக இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் ஜான் ஹண்டர் என்ற பெரும் அறுவை மருத்துவர் இருந்தார். சேவலின் கொண்டையில் மனிதப் பல்லை ஊன்றி, அது ஒட்டிக்கொள்வதைக் காட்டியவர். உயிருள்ள ஒருவர் வாயிலிருந்து எடுத்த பல்லை உடனே இன்னொருவர் வாயில் வைத்தால் பிடிக்கும் என்று அவர் கூற, செல்வர் வீடுகளில் அது நாகரிகமாகப் பரவியது. பல்லைக் கொடுத்தவர்கள் யார்? ஏழைகள், பெரும்பாலும் இளம் பிள்ளைகள். சில காசுக்காக நல்ல பல்லைப் பிடுங்கக் கொடுத்துவிட்டுப் பொக்கை வாயோடு வீடு திரும்பினார்கள். அப்படி வைத்த பற்கள் சில காலத்தில் ஆடி விழுந்தன. கொடுத்தவருக்கு இருந்த நோய் வாங்கியவருக்கும் தொற்றியது. இதனை மருத்துவம் என்பதைவிட வாணிகம் என்பதே பொருந்தும். உழைப்பை விற்றுப் பிழைத்த பரம்பரையில் வந்த நமக்கு இந்தச் செய்தி சற்றுக் கூடுதலாகவே உறைக்கிறது.

பல்லின் கதை இப்படி இருக்க, எலும்பை ஒட்டும் கதை வேறொரு வழியில் வளர்ந்தது. 1668ஆம் ஆண்டு வெளியான ஒரு நூலில் டச்சு மருத்துவர் யோப் வான் மீக்கரன் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். மாஸ்கோவில் மண்டையோடு உடைந்த ஒருவருக்கு, இறந்த நாயின் மண்டையோட்டிலிருந்து ஒரு துண்டு வைத்து மூடினார்களாம். காயம் ஆறியது. ஆனால் விலங்கின் எலும்பைத் தாங்கியவன் என்று திருச்சபை அவரை விலக்கி வைத்தது. அந்த எலும்பை எடுத்துவிடும்படி அவர் மீண்டும் மருத்துவரிடம் போனார். எடுக்க முடியவில்லை, அவ்வளவு இறுக ஒட்டியிருந்தது என்று அந்நூல் கூறுகிறது. விலங்கின் எலும்பும் மனிதனின் சமயமும் மோதிக்கொண்ட முதல் நிகழ்ச்சி இதுதான் போலும். அந்த மோதல் இன்றும் தீர்ந்தபாடில்லை. பின்னர் அதைப் பற்றிப் பேசுவோம்.

எலும்பு ஏன் ஒட்டுகிறது? பால்வெட்டு அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ரப்பர் மரத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வழுவழுப்பான ஒரு மெல்லிய படலம் உண்டு. அதைக் கத்தி தொடாமல் வெட்டினால் புதுப்பட்டை வளரும். தொட்டுவிட்டால் மரம் புண்ணாகி முண்டு விழும். எலும்புக்கும் அத்தகைய ஒரு தோல் உண்டு. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து மருத்துவர் லூயி ஒல்லியே, அந்தத் தோலே புது எலும்பைப் பிறப்பிக்கிறது என்று சோதித்துக் காட்டி 1867இல் நூல் எழுதினார். 1880 வாக்கில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்யூவன் என்பவர், நோயால் மேற்கை எலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு, வளைந்த கால்களை நேராக்க அறுவை செய்த வேறு பிள்ளைகளிடமிருந்து கிடைத்த எலும்புத் துண்டுகளை வைத்துக் கையை மீட்டுத் தந்தார்.

நாற்றங்காலில் ஒட்டுக் கட்டியவர்களும் நேயர்களில் இருப்பீர்கள். மொட்டை எடுத்து வைத்து, மண்ணும் நீரும் புகாமல் இறுகக் கட்டி, மூன்று வாரம் கழித்தே அவிழ்த்துப் பார்ப்போம். இடையில் ஆசைப்பட்டு அவிழ்த்தால் ஒட்டுப் பிடிக்காது. எலும்பு ஒட்டுக்கும் சட்டம் அதுவே: தூய்மை, அசையாமை, பொறுமை. ஒரு வேறுபாடு உண்டு. ஒட்டுச்செடியில் நாம் வைத்த மொட்டே வளர்ந்து மரமாகிறது. எலும்பிலோ, நாம் வைத்த துண்டில் பெரும்பகுதி இறந்துவிடுகிறது. அது வெறும் சாரமாக, கொடி ஏறும் பந்தலாக நிற்கிறது. சுற்றியுள்ள உயிருள்ள எலும்பிலிருந்து இரத்தக் குழாய்கள் அதனுள் நுழைந்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் புதியதைக் கட்டுகின்றன. கடைசியில் பந்தல் மறைந்து கொடியே தூணாகிவிடுகிறது. இதற்குப் பல மாதங்கள் ஆகும்.

தாடை எலும்பை ஒட்டும் கலை பெரிதும் வளர்ந்தது போரினால் என்பதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. முதல் உலகப் போரில் பதுங்கு குழியிலிருந்து தலையை நீட்டிய வீரர்களின் முகத்தில் குண்டுச் சில்லுகள் பாய்ந்தன. தாடை பறந்துபோனவர்கள் உண்ணவும் பேசவும் இயலாமல், உயிரோடு இருந்தும் ஊர் திரும்ப அஞ்சினார்கள். இங்கிலாந்தில் சிட்கப் என்னும் ஊரில் 1917இல் இவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. நியூசிலாந்தில் பிறந்த ஹெரால்ட் கில்லீஸ் அங்கே தலைமை தாங்கினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. தாடைக்கு வேண்டிய எலும்பை இடுப்பிலிருந்தும் விலாவிலிருந்தும் எடுத்தார்கள். அறுவை மருத்துவரும் பல் மருத்துவரும் ஒரே மேசையில் நின்று வேலை செய்ததும் அங்கேதான். ஆயினும் சீழ் பிடித்துப் போன ஒட்டுகள் பல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பென்சிலின் வந்த பிறகே அந்த அச்சம் குறைந்தது. இடுப்பெலும்பின் உள்ளே பஞ்சுபோல் இருக்கும் பகுதியைச் சுரண்டிச் சில்லு சில்லாக வைத்தால் விரைவில் பிடிக்கிறது என்று 1944இல் மௌலம் என்ற மருத்துவர் எழுதினார். இன்றும் பெரிய தாடைக் குறைகளுக்கு இடுப்பெலும்பையே நாடுகிறார்கள்.

எலும்பு வந்துவிட்டது, பல்? அதற்கு ஓர் உலோகம் வரவேண்டியிருந்தது. இங்கேதான் நம் கிந்தாப் பள்ளத்தாக்கு கதைக்குள் வருகிறது.

ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் அமாங் என்ற சொல்லை அறிவார்கள். பாலோங்கில் மண்ணைக் கழுவியதும் ஈயத்தோடு சேர்ந்து அடியில் தங்கும் கறுப்பு மணலே அமாங். ஈயத்தைப் பிரித்தெடுத்த பின் அது கழிவு. இந்தக் கழிவில் பெரும்பங்கு இல்மனைட் என்ற கனிமம். இரும்பும் டைட்டானியமும் உயிர்வளியோடு கலந்த கல் அது. காந்தப் பொறியில் விட்டால் தனியே ஒட்டிக்கொண்டு வரும். பிற்காலத்தில் இதைப் பிரித்தெடுத்து வெளிநாட்டுக்கு விற்கும் பட்டறைகள் கிந்தா வட்டாரத்தில் பல தோன்றின. அதே அமாங்கில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தைப் பதப்படுத்திய புக்கிட் மேரா தொழிற்சாலையின் கதிர்வீச்சுக் கழிவால் எழுந்த வழக்கையும், அது 1994இல் மூடப்பட்டதையும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது தனிக் கதை.

இந்தக் கறுப்பு மணலுக்குள் ஒரு புதிய உலோகம் ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் கண்டவர் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார். ஆண்டு 1791. இடம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால். ஓடைக் கரையில் அள்ளிய கருமணலைச் சோதித்துக் கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து ஜெர்மானியரான கிளாப்ரோத், கிரேக்கப் புராணத்து டைட்டன்கள் என்னும் அரக்கர்களின் பெயரால் அதற்கு டைட்டானியம் என்று பெயரிட்டார். அந்தக் கார்ன்வால் ஈயம் தோண்டுவதில் பேர்போன மாவட்டம். 1890களில் நம் கோப்பெங்கில் சுரங்கக் கம்பெனி அமைத்து, மலையிலிருந்து குழாய்வழி நீரைக் கொணர்ந்து பீய்ச்சி மண்ணைக் கரைத்தவர்கள் அந்த வட்டாரத்து மக்களே. எந்தக் கருமணலில் அந்த உலோகம் முதன்முதல் கண்டறியப்பட்டதோ, அந்த ஊர்க்காரர்கள் இங்கு வந்து அதே கருமணலைக் கழிவென்று குவித்தார்கள். பாத்தீர்களா விந்தையை!

தமிழ்நாட்டுக் கரையிலும் இதே கதைதான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கறுப்பாக மின்னும். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டே ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் அதன் மதிப்பைக் கண்டுபிடித்தார். அவர் தேடியது விளக்கு வலைக்கு வேண்டிய மோனசைட். இல்மனைட்டை முதலில் யாரும் மதிக்கவில்லை. வெள்ளைச் சாயத்துக்கு அது மூலப்பொருள் என்று தெரிந்ததும் நிலைமை மாறியது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தைக்குப் போன இல்மனைட்டில் பெரும்பகுதி அந்தத் திருவிதாங்கூர்க் கரையினுடையதே. அப்போதும் சாயத்துக்குத்தான், உலோகத்துக்கு அன்று. கல்லிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது அத்தனை கடினம். லக்சம்பர்க் நாட்டு வில்லியம் குரோல் என்பவர் 1930களில் ஒரு வழியைக் கண்டு, 1940களின் இறுதியில் ஆலைகள் எழுந்த பிறகே டைட்டானியம் வேண்டிய அளவு கிடைத்தது. ஆகாய விமானத்துக்காக உருக்கிய உலோகம் அது. நம் அமாங்கிலிருந்து போன இல்மனைட்டும் பெரும்பாலும் சாயமாகிச் சுவரில்தான் ஏறியது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம்.

அந்த உலோகம் வாய்க்குள் வந்தது தற்செயலாக. 1952ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற இளம் ஆய்வாளர், எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்பினார். முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த சிறு கண்ணாடிக் கூட்டைப் பொருத்தி நுண்ணோக்கியால் கவனித்தார். சோதனை முடிந்ததும் விலையுயர்ந்த அந்தக் கூட்டைத் திருப்பி எடுக்கப் பார்த்தார். வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றாகிவிட்டிருந்தது. மாஸ்கோவில் நாய் எலும்பைப் பெயர்க்க முடியாமல் நின்ற மருத்துவரின் நிலைதான் இவருக்கும். டைட்டானியத்தை எலும்பு ஏற்கிறது என்று அமெரிக்காவில் 1940இலேயே சிலர் எழுதியிருந்தார்கள். அதன் பயனை முழுமையாக உணர்ந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர் பிரோனமார்க்கே.

எலும்பு ஏன் அதை விரட்டவில்லை? பால்வெட்டுக் கத்தியைத் துடைக்காமல் வைத்தால் துரு ஏறும். இரும்பின் துரு செதில் செதிலாக உதிர்ந்து இரும்பையே தின்றுவிடும். டைட்டானியமும் காற்றுப் பட்டவுடன் துருப் பிடிக்கிறது. ஆனால் அத்துரு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். அது உதிராது, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். எலும்பு தொடுவது உலோகத்தை அன்று, இந்தப் படலத்தையே. அதைப் பகையென்று கருதாமல் எலும்பு நெருங்கி வந்து கட்டிக்கொள்கிறது. ஆனால் எலும்பைச் சுடவிடக் கூடாது. துளை போடும்போது 47 பாகை வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பட்டுப்போகும். ஆகவேதான் கருவியைச் சுழற்றும்போது உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள்.

1965ஆம் ஆண்டில் பிரோனமார்க் கோத்தன்பர்க் நகரில் முதன்முறையாக ஒரு மனிதருக்கு இதைச் செய்தார். அவருக்கு வயது 34. பிறவியிலேயே அண்ணமும் தாடையும் குறைபட்டவர். உண்பதும் பேசுவதும் அவருக்குப் பெரும் பாடு. கீழ்த்தாடையில் நான்கு திருகுகள் வைத்து, பல மாதம் தொடாமல் விட்டு, பிறகே பல்லை ஏற்றினார்கள். இம்பிளான்ட் என்று பல் டாக்டர்கள் கூறும் பல்வேர்த் திருகின் வரலாறு அங்கே தொடங்குகிறது. சக மருத்துவர்கள் உடனே கொண்டாடவில்லை. உலோகத்தை எலும்பில் வைத்தால் சதை மூடிச் சீழ் பிடிக்கும் என்பதே அன்றைய பாடம். அரசு நியமித்த பேராசிரியர்கள் நோயாளிகளைப் பார்த்து ஒப்பிய பிறகு, 1977இல் பத்தாண்டுக் கணக்கை அவர் வெளியிட்டார். 1982இல் கனடாவின் டொரான்டோ நகரில் கூடிய மாநாட்டுக்குப் பின்புதான் உலகம் ஏற்றது. முயலில் கண்டதிலிருந்து முப்பது ஆண்டுகள்!

ஆனால் திருகை முடுக்கச் சுவர் வேண்டுமல்லவா? கரைந்த தாடையில் எதைப் பிடித்து நிற்கும்? அங்கேதான் எலும்பு ஒட்டும் பல்வேர்த் திருகும் கைகோத்தன. மேல்தாடைக் கடைவாய்க்கு மேலே காற்று நிறைந்த ஒரு பொந்து உண்டு. அதன் அடிச்சவ்வைக் கிழியாமல் மெல்லத் தூக்கி, கீழே எலும்பைப் பரப்பும் முறையை அமெரிக்க மருத்துவர்கள் 1970களில் கண்டு 1980இல் வெளியிட்டார்கள். 1988இல் சுவீடன் நாட்டார் வேறொரு வழி காட்டினார்கள். ஈறு வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். இடையே ஒரு திரையைக் கட்டி ஈற்றைத் தடுத்தால், எலும்புக்கு அவகாசம் கிடைக்கிறது. வரப்புக் கட்டிக் களையைத் தடுப்பது போன்ற எளிய கருத்துதான். ஆயினும் அதை எண்ண இத்தனை காலம் ஆயிற்று.

வைக்கும் எலும்பு எங்கிருந்து வருகிறது என்பது நம் குடும்பங்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. நோயாளியின் மோவாயிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எடுக்கலாம். இறந்தவர் தானமாகத் தந்த எலும்பைப் பதப்படுத்தி வைக்கலாம். ஆலையில் செய்த சுண்ணாம்புச் சத்துத் துகளும் உண்டு. இவற்றோடு, மாட்டெலும்பிலிருந்து செய்த துகளும் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுகிறது. மூடும் திரைகளில் சில பன்றித் தோலிலிருந்து ஆனவை. பசுவை வணங்கும் வீட்டுக்கு ஒன்று உறுத்தும், மலாய் அண்டைவீட்டாருக்கு மற்றொன்று உறுத்தும். டாக்டரிடம் இதைக் கேட்பது அறியாமை ஆகாது. கேட்டால் மாற்றுப் பொருளைச் சொல்வார்கள். கிளந்தான் மாநிலம் குபாங் கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கி 1991 முதல் இத்தகைய எலும்புகளைத் தூய்மை செய்து வழங்கி வருகிறது. மாஸ்கோக்காரரைப் போல ஒட்டிய பிறகு வருந்துவதைவிட, முன்னதாகக் கேட்டுக்கொள்வது எளிது.

தாடை எலும்பை இழக்க நம்மிடையே இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. வெற்றிலை பாக்கோடு புகையிலை சேர்த்து மெல்வது வாய்ப் புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் அத்தகையதே என்று 2003இல் முடிவு செய்தது. மலேசிய மக்கள் தொகையில் நம்மவர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாய்ப் புற்றுநோயாளிகளிலோ நம் பங்கு அதைவிடப் பன்மடங்கு. அதிலும் வெற்றிலை போடும் பெண்கள் பலர். விடியலில் பால் வெட்டப் போகும் பெண்ணுக்குப் பசியை மறக்கச் செய்தது அந்தத் தாம்பூலம்தான் என்பதையும் நாம் அறிவோம். நோய் எலும்பில் பரவினால் தாடையையே அறுத்தெடுக்க நேரும். அப்படி அறுத்தவருக்கு, கணைக்காலில் உள்ள மெல்லிய எலும்பை அதன் இரத்தக் குழாயோடு எடுத்துக் கழுத்துக் குழாயில் தைத்து, உயிரோடு நட்டுத் தாடை செய்யும் முறை இன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 1975இல் காலுக்காகத் தொடங்கியதை, நியூயார்க்கில் ஹிடால்கோ 1989இல் தாடைக்குக் கொண்டுவந்தார். உடம்பின் பாரத்தைத் தாங்குவது பெரிய எலும்பே ஆகையால், நோயாளி மீண்டும் நடக்கிறார். வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். அந்த நிலையில் கண்டால் தாடைக்குக் கத்தி படாமலே போகலாம்.

இனி, நேயர்கள் வழக்கமாகக் கேட்கும் சில கேள்விகள். எல்லாருக்கும் இந்தத் திருகு வைக்கலாமா? சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், சிகரெட் விடாதவர்களுக்கும் தோல்வி மிகுதி. எலும்புத் தேய்வுக்குச் சில மருந்து உண்பவர்களும், தாடையில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களும் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். செலவு? தனியார் கிளினிக்கில் ஒரு பல்லுக்கே சில ஆயிரம் வெள்ளி ஆகும். எலும்பு ஒட்டும் சேர்ந்தால் இன்னும் கூடும். பல்கலைக்கழகப் பல் மருத்துவமனைகளில் விசாரிப்பது நல்லது. பல் முழுதும் போனவர்கள் வாய் நிறையத் திருகு வைக்க வேண்டியதில்லை. கீழ்த்தாடையில் இரண்டே திருகுகள் வைத்துப் பல்செட்டை அவற்றில் மாட்டுவதே போதிய சிகிச்சை என்று 2002இல் கனடாவில் கூடிய வல்லுநர்கள் கூறினார்கள். ஒரு பல்லை எடுக்கச் சொல்லும்போது, காப்பாற்ற வழி உண்டா என்றும், எடுத்தால் எலும்பைக் காக்க என்ன செய்யலாம் என்றும் அன்றைக்கே கேளுங்கள். மூன்று மாதக் கணக்கை முன்பே சொன்னோம்.

எத்தனை காலம் நிற்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. திருகைச் சுற்றியும் அழுக்குச் சேரும், ஈறு வீங்கும், எலும்பு மீண்டும் கரையும். அதனால் சொந்தப் பல்லைப் போலவே இருவேளையும் துலக்கி, ஆண்டுதோறும் காட்ட வேண்டும். 1965இல் அந்தச் சுவீடன் நாட்டுக்காரருக்கு வைத்த திருகுகள், 2006இல் அவர் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் தாடையிலேயே இருந்தன.